நாலு அபசுரம்

சென்னை ரிச்சி தெருவில் எலெக்ட்ரானிக்ஸ் ரிப்பேர் கடை வைத்திருக்கும் பல்கீசுக்குத் தலையே வெடித்துவிடும் போலிருந்தது. கச்சேரி கிடாரிஸ்ட் ரெஜினால்டு, டிரம்ஸ்காரரையும் இழுத்துக்கொண்டு, கிடாரோடும் அதன் ஒலிக்கு எதிரொலி கூட்டும் பெடல் பெட்டியோடும் மூன்றாவது முறையாக வந்து நின்றார்.

“ஏம்மா, இந்த மட்டமான டிலே பெடல் அபசுரமா எதிரொலிக்குது. ஒண்ணில்ல, நாலு தடவை கேக்குது! இன்னிக்குச் சரி பண்ணல, உன் கடைப் பேரையே நாறடிச்சிடுவேன்.”

“நீங்க வாசிச்சதைத்தான் சார் அது திருப்பிச் சொல்லும்.”

“என் கையில பிசகே வராது!”

பல்கீஸ் பெடலைத் திறந்தாள். எதிரொலி தரும் சிப்பை நெம்பி எடுத்து டிரம்ஸ்காரர் உள்ளங்கையில் வைத்தாள்.

“இப்ப வாசிங்க சார்.”

வாசித்தார். எதிரொலி போயிருந்தது, அபசுரம் மட்டும் கணீரென்று ஒரு தடவை கேட்டது.

“மூணு அபசுரம் அவர் கையில இருக்கு. மிச்சம் ஒண்ணு யார் கையில சார்?”