தலைகீழாய் நின்ற மூவர்

இந்தக் கதை என் தோழிக்கு அவளுடைய விடுதி அறைத்தோழி சொன்னது. அவளுக்கு யார் சொன்னார்களோ தெரியாது. எனக்கு வந்து சேர்ந்தபடியே எழுதுகிறேன்.

அலை ஓயாமல் அறையும் ஒரு கடற்பாறையில் முன்னொரு காலத்தில் நத்தைகள் ஒட்டிக்கொண்டு வாழ்ந்தன. பக்கத்திலிருந்த கூழாங்கல் கரையிலும் நத்தைகள் உண்டு. அங்கே அலை குறைவு, நண்டுகள் அதிகம். இரண்டு பக்கத்தாரும் நடுவில் சந்தித்து இணைவதும் உண்டு.

நத்தையின் உடம்புக்குள்ளே, குரோமோசோம் என்ற நீண்ட வரிசையில், மரபணுக்கள் தோளோடு தோள் உரசி நின்றன. பாறை நத்தையின் வரிசையில் பெரும்பாதம் என்பவள் நின்றாள். பாறையை இறுகப் பிடிக்கும் அகன்ற பாதத்தைச் செய்வது அவள் வேலை. அடுத்தவன் மெல்லோடு; அலைக்கு அகப்படாதபடி சின்னதாக, லேசாக ஓடு கட்டுபவன். அதற்கடுத்தவள் துணிச்சல், அலை அறைந்தாலும் ஓட்டுக்குள் ஒளியவிடாதவள். மூவரும் ஒன்றாய் இருந்தால் அந்த நத்தையை அலையால் அசைக்க முடியாது.

ஆனால் அங்கே ஒரு வழக்கம் இருந்தது. பிள்ளைக்கு வரிசையை அனுப்பும் முன், நத்தைக்குள் இருக்கும் தாய்வழி வரிசையும் தந்தைவழி வரிசையும் எதிரெதிரே நிற்க வேண்டும். பாதத்துக்கு எதிரே பாதம், ஓட்டுக்கு எதிரே ஓடு. பிறகு எங்காவது ஓரிடத்தில் வெட்டி ஆட்களை மாற்றிக்கொள்வார்கள்.

அப்படித்தான் ஒரு குட்டிக்குப் பெரும்பாதத்தின் நகலோடு, துணிச்சலுக்குப் பதிலாகக் கரைப்பக்கத்து வரிசையிலிருந்து அச்சம் என்பவள் போய்ச் சேர்ந்தாள். முதல் பெரிய அலையிலேயே அச்சம், "உள்ள இழு, உள்ள இழு!" என்று அலறினாள். பிடி விட்டது. குட்டி போயிற்று. தாயின் உடம்பிலிருந்த பெரும்பாதம் அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"நாம மூணு பேரும் ஒண்ணாப் போயிருந்தா அந்தப் புள்ள பொழைச்சிருக்கும்டா," என்றாள்.

"பொழைச்சிருக்கும்தான். வழக்கத்தை யாருக்கா மீறுறது?" என்றான் மெல்லோடு.

யாரும் மீறவில்லை. ஒரு நாள் வரிசை இரண்டு இடத்தில் தானாக அறுந்தது. அறுந்ததை ஒட்டுவதற்கென்றே அங்கே ஓர் ஒட்டுக்காரன் இருந்தான். அவன் அவசரத்தில் மூவரும் நின்ற நடுத்துண்டைத் திருப்பி ஒட்டிவிட்டான். துணிச்சல் முன்னே போனாள். பெரும்பாதம் பின்னே வந்தாள்.

"யோவ், என்னய்யா ஒட்டி வச்சிருக்கே?" என்றாள் பெரும்பாதம்.

"ஆள் யாராவது குறையுதாம்மா? அப்புறம் என்ன! அங்க இன்னொண்ணு அறுந்து கிடக்கு." போய்விட்டான்.

பெரும்பாதம் பயந்துபோய்த் தன் வேலையைச் செய்து பார்த்தாள். பாதம் முன்பு போலவே வந்தது. நிற்கும் திசைதான் மாறியிருந்தது.

அடுத்த ஆள்மாற்றத்தில் எதிரே கரைப்பக்கத்து வரிசை நின்றது. அதில் பாதத்தின் இடத்தில் இருந்த சிறுபாதம் என்பவள் வாய்விட்டுச் சிரித்தாள். "ஏண்டி, பந்தியில முதுகைக் காட்டி உக்காந்தவளாட்டம் நிக்கிறே? எதுக்கால வா, ஆள் மாத்தணும்."

பெரும்பாதத்துக்கு வெட்கமாக இருந்தது. வளைந்து நெளிந்து எதிரே போய் நின்றாள். அப்படி வளைந்து வெட்டிக்கொண்ட வரிசைகளில், வெட்டு பொருந்தாமல், சிலர் இரண்டு முறை இருந்தார்கள், சிலர் இல்லவே இல்லை. அந்தக் கருக்கள் வளரவில்லை. வெட்டுப்படாத வரிசைகளே பிழைத்தன. அவற்றில் மூவரும் ஒன்றாகவே போனார்கள்.

பெரிய அலை வந்தது.

"விடாதேக்கா!" என்றாள் துணிச்சல்.

"நான் எங்கடி விட்டேன்?" என்றாள் பெரும்பாதம்.

அலை திரும்பிப் போனபோது குட்டி பாறையிலேயே இருந்தது.

எல்லாம் சுகமாக முடியவில்லை. துண்டுக்குள் சிக்கிய, வேலையை ஒழுங்காகச் செய்யாத ஒரு சோம்பேறி மரபணுவையும் தலைமுறை தலைமுறையாக அவர்கள் சுமக்க வேண்டியிருந்தது. கரைப்பக்கம் உருண்டுபோன பிள்ளைகளின் மெல்லிய ஓட்டை நண்டுகள் நொறுக்கித் தின்றன. ஆனால் பாறையில், தங்களைப் போலவே திரும்பி நின்ற இன்னொரு வரிசையைச் சந்தித்த நாளில், மூவரும் அதனுடன் தாராளமாக ஆள் மாற்றிக்கொண்டார்கள். யார் போனாலும் அவரைப் போன்றவரே வந்தார்.

பிறகு நான் தேடிப் பார்த்தேன். ஐரோப்பாவின் கடற்கரைகளில் இப்படி ஒரு நத்தை உண்மையிலேயே இருக்கிறது. அலைப்பக்கத்து நத்தைகளையும் நண்டுப்பக்கத்து நத்தைகளையும் பிரித்துக் காட்டுபவற்றில், திரும்பிக் கிடக்கும் குரோமோசோம் துண்டுகளும் உண்டு. இரண்டு பக்கத்தாரும் நடுவில் இன்னமும் இணைகிறார்கள். பாறையின் பிள்ளைகள் இன்னமும் பாறையை விடவில்லை.