முகமில்லாத தம்பி

சவரிமுத்து இருபத்தாறு வருடம் சினிமா செட்டுகளில் லைட் தூக்கியவர். முழங்கால் தேய்ந்த பிறகு, சாலிகிராமத்தில் இருந்த ஓர் அனிமேஷன் ஸ்டூடியோவில் சேர்ந்தார். அங்கே லைட் தூக்க வேண்டாம். வரைந்தால் போதும்.

அனிமேஷன் படத்துக்கும் வெளிச்சத்தை யாராவது வைத்தாக வேண்டும். ஒரு காட்சியில் வெளிச்சம் எங்கிருந்து வருகிறது, யார் மேல் விழுகிறது, யாரை விட்டுவிடுகிறது என்று முதலில் ஓர் ஓவியம் வரைவார்கள். இயக்குநர் அதற்குத் தலையாட்டினால்தான் மற்றவர்கள் வேலையைத் தொடங்க முடியும்.

அந்தப் பிரிவுக்குத் தலைவி பொற்கொடி. சவரிமுத்துவைவிடப் பதினெட்டு வயது இளையவள். கம்ப்யூட்டரில் வரைய அவருக்குச் சொல்லிக் கொடுத்தவள் அவள்தான். அவர் அவளை "டீச்சர்" என்பார். அவள் அவரை "அண்ணே" என்பாள்.

சவரிமுத்துவுக்கு ஒரு காட்சி வந்தது. அண்ணன், தம்பி. தம்பி அண்ணனுடைய படகு என்ஜினைத் திருடி விற்றுவிட்டு ஓடியவன். நாலு வருடம் கழித்துத் திரும்பி வருகிறான். படகுக் கொட்டகையில் சத்தம் கேட்டு அண்ணன் டார்ச் அடித்துப் பார்க்கிறான். முழுப் படமும் அந்த ஓர் இடத்தை நம்பித்தான் நிற்கிறது.

மூன்று முறை வரைந்தார். மூன்று முறையும் இயக்குநர் திருப்பி அனுப்பினார். மூன்றாம் முறை கூடவே ஒரு வார்த்தையும் வந்தது. வெள்ளிக்கிழமையும் சரியாக வராவிட்டால் காட்சியைத் தினகரிடம் கொடுத்துவிட வேண்டும்.

தினகர் அடுத்த மேசைக்காரன். போன படத்தில் சவரிமுத்து வரைந்த சந்தைக் காட்சியைப் பெரிதாக அச்சடித்து ஸ்டூடியோ வாசலில் மாட்டியிருந்தார்கள். கீழே தினகர் பெயர் போட்டிருந்தது. "பிரிண்ட் போட்டவன் மாத்திட்டான்ணே. சொல்லிச் சரி பண்றேன்" என்றான் தினகர். ஒன்றரை வருடம் ஆகிவிட்டது. அவன் கல்யாணப் பத்திரிகையைக்கூட அந்தப் படத்துக்குக் கீழே நின்றுதான் நீட்டினான். நீட்டும்போது கண்ணை மட்டும் ஒரு நொடி தாழ்த்திக்கொண்டான். சவரிமுத்து கல்யாணத்துக்குப் போகவில்லை.

வியாழக்கிழமை காலையில் அவர் பொற்கொடியின் மேசைக்கு வந்தார்.

"டீச்சர், என்ன தப்புன்னே எனக்குத் தெரியல. வேலையைப் புடுங்கி அவன்கிட்ட கொடுக்கணும், அதுக்கு ஒரு சாக்கு."

"படத்தைக் காட்டுங்க."

காட்டினார். அண்ணன் முகம் பளிச்சென்று இருந்தது. நெற்றிச் சுருக்கங்களை எண்ணிவிடலாம். தம்பி நின்ற இடத்தில் கரி அப்பியது போல இருட்டு.

"தம்பிக்கு மூஞ்சியே இல்லையே அண்ணே?"

"திருட்டுப் பயலுக்கு எதுக்கு மூஞ்சி?"

பொற்கொடி எழுந்தாள். படங்களைத் திரையில் போட்டுப் பார்க்கும் அறைக்கு அவரைக் கூட்டிப் போனாள். ஜன்னல் இல்லாத அறை. விளக்கை அணைத்தாள். தன் செல்போனில் டார்ச்சைப் போட்டு அவர் கையில் கொடுத்தாள்.

"நீங்க அண்ணன். நான் தம்பி. நீங்க வரைஞ்சிருக்கிற மாதிரியே வெளிச்சம் வையுங்க."

சவரிமுத்து கையை நீட்டினார். வெளிச்சம் அவள் முகத்தில் அடித்தது.

"நான் தெரியறேனே."

அவர் போனைத் தன் பக்கம் திருப்பினார். தாடைக்குக் கீழிருந்து வெளிச்சம் ஏறியது.

"இப்ப நீங்க தெரியறீங்க, பேய்ப் படத்துல வர்ற மாதிரி. கொட்டகையில யாரோ பூந்துட்டான். அண்ணன் டார்ச்சை எடுத்துத் தன் மூஞ்சியிலேயே அடிச்சுக்கிறாரா?"

சவரிமுத்து போனைத் தொடையோடு ஒட்டி மறைத்தார். அறை இருண்டது.

"இருபத்தாறு வருஷம் லைட் பிடிச்சவன் நான். எனக்கு டார்ச் பிடிக்கச் சொல்லித் தர்றீங்க."

"அதனாலதான் கேக்கறேன். நேத்து வேலைக்குச் சேர்ந்தவன்கூட இதைப் பண்ண மாட்டான். நீங்க எப்படிப் பண்ணினீங்க?"

சவரிமுத்துவின் குரல் ஏறியது.

"என்ஜின் யாரோடது? நாலு வருஷம் கடலுக்குப் போக முடியாம கரையில உக்காந்தவன் யாரு? அண்ணன். அவன் மூஞ்சியை ஜனங்க ஒரு தடவை பார்க்கட்டும்னுதான் வெச்சேன். தப்பா?"

"நம்ம ஆசைப்பட்ட இடத்துல வெளிச்சம் விழாது அண்ணே. டார்ச் காட்டுற இடத்துலதான் விழும்."

"அப்ப அந்தப் பயலை நானே வெளிச்சம் போட்டுக் காட்டணுமா?"

"டார்ச் உங்க கையிலதானே இருக்கு."

அன்று மாலைக்குள் நாலாவது படம் தயாராகிவிட்டது. அதில் டார்ச் வெளிச்சம் நேராகத் தம்பி மேல் விழுந்தது. ஒட்டிய கன்னம். வெடித்த உதடு. ஒரு காலில் மட்டும் செருப்பு. கண்ணை மட்டும் சவரிமுத்து பலமுறை அழித்து வரைந்தார். ஒவ்வொரு முறையும் அது கல்யாணப் பத்திரிகை நீட்டியவனின் கண்ணாகவே தாழ்ந்தது. கடைசியில் அப்படியே விட்டுவிட்டார். அண்ணனை ஓரத்தில் நிறுத்தினார். தம்பியின் வெள்ளைச் சட்டையில் பட்டுத் திரும்பிய மங்கல் வெளிச்சம் அண்ணன் முகத்தில் கொஞ்சம் இருந்தது. அதற்கு மேல் அவனுக்குக் கொடுக்க வழியில்லை.

வெள்ளிக்கிழமை எல்லோரும் அந்த அறையில் உட்கார்ந்தார்கள். படம் திரையில் வந்தது.

"இதுதான்" என்றார் இயக்குநர். "இந்த மூஞ்சியைப் பார்த்த பிறகு யாருக்கு இவனை அடிக்கக் கை வரும்?"

தினகர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். "பாவம்ணே இந்தத் தம்பி. எனக்கே கண்ணு கலங்குது."

சவரிமுத்து அவனையே பார்த்தார். அவன் நிஜமாகவேதான் சொன்னான்.

இயக்குநர் எழுந்து திரையருகே போனார். ஓரத்தில் நின்ற அண்ணனின் முகத்தை உள்ளங்கையால் மறைத்துப் பார்த்தார். எடுத்தார். மறுபடி மறைத்தார்.

"இவன் நம்ம கண்ணைத் தன் பக்கம் இழுக்கறான். எடுத்துடுங்க. டார்ச் பிடிச்ச கை மட்டும் போதும். என்ன சொல்றீங்க?"

எல்லோரும் தலையாட்டினார்கள். பொற்கொடியும் ஆட்டினாள்.

அங்கேயே உட்கார்ந்து சவரிமுத்து அழித்தார். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. அண்ணன் போய்விட்டான். மணிக்கட்டு வரை ஒரு கை, அதில் ஒரு டார்ச்.

தினகர் அவர் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனான். மற்றவர்களும் போனார்கள். படம் திரையில் நின்றது.

"காட்சி உங்ககிட்டயே இருக்கு அண்ணே" என்றாள் பொற்கொடி.

"இருக்கு. திருடினவனைப் பார்த்து ஊரே அழப் போகுது. இன்னைக்கே ஒருத்தன் ஆரம்பிச்சுட்டான்." சவரிமுத்து திரையைக் காட்டினார். "பறிகொடுத்தவன் எங்க டீச்சர்?"

"டார்ச்சுக்குப் பின்னால."

"அங்க வெளிச்சமே வராதே."

பொற்கொடி திரையை அணைத்தாள்.

"வராது அண்ணே. அங்க நிக்கத்தான் நமக்குச் சம்பளம்."