உங்கள் பல் வலிக்கிறது, ஐயா

வீரவழுதி ராஜா படித்துப் பார்க்காமல் முத்திரை வைப்பதில் பேர் போனவர். அப்படி அவர் முத்திரை வைத்த ஓலை ஒன்று திருமேனி என்பவரிடம் இருந்தது. ‘கருங்குன்றத்து இரும்புச் சுரங்கத்திலிருந்து வெளியே வருவதெல்லாம் திருமேனிக்கே சொந்தம்’ என்றது அது.

சொந்தம் கொண்டாடிய திருமேனி ஊருக்கு ஒரு செங்கல்கூடத் தரவில்லை. வேலையாட்கள் மார்பளவு ஆற்றில் இறங்கித்தான் சுரங்கத்துக்குப் போய்வந்தார்கள். போன மழையில் இரண்டு பேரை வெள்ளம் அடித்துக்கொண்டு போக, மூன்று ஊர் தள்ளி இருந்தவர்கள் பிடித்துத் திருப்பி அனுப்பினார்கள். அடுத்த மழை நெருங்கியதும் ஊரே பாலம் கேட்டு அரண்மனைக்கு வந்தது.

ராஜா தன் அவையின் சமயோசிதக்காரரான மாசிலாமணியைப் பார்த்தார். “என் முத்திரையை நானே மீறித் திருமேனியிடம் பணம் கேட்கக்கூடாது. ஓலையை மீறாமல் இவர்களுக்குப் பாலம் வேண்டும். முடியாவிட்டால் நீர் யானைக் கொட்டடியில் லத்தி அள்ளப் போகலாம்.”

மாசிலாமணிக்கு யானை என்றாலே தும்மல் வரும். அன்றே கிளம்பிவிட்டார்.

சாயங்காலம் வேலை முடிந்து முந்நூறு பேர் சுரங்கத்திலிருந்து வெளியே வந்தார்கள். அத்தனை பேரையும் அவர் திருமேனியின் மாளிகைக்கு அழைத்துப் போனார்.

“இது என்ன கூட்டம்?” என்றார் திருமேனி.

“உங்கள் சொத்து. இப்போதுதான் சுரங்கத்திலிருந்து வெளியே வந்தது. பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.”

திருமேனி ஓலையை எடுத்துப் படித்தார். மறுபடியும் மெதுவாகப் படித்தார். அதற்குள் சொத்து பந்தியில் உட்கார்ந்துவிட்டது.

ஒருவன் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வந்தான். “உங்கள் பல் வலிக்கிறது, ஐயா.”

“என் பல்லா?”

“என் வாயில் இருக்கிற உங்கள் பல். வைத்தியரைக் கூப்பிடுங்கள்.”

இன்னொருவன் நான்காம் தடவையாக ரசம் கேட்டான். “எனக்குப் போதும், ஐயா. உங்கள் வயிறுதான் கேட்கிறது.”

விடிந்ததும் திருமேனி அரண்மனைக்கு ஓடினார். “அரசே, ‘ஆட்கள் நீங்கலாக’ என்று இரண்டே சொல் சேர்த்துவிடுங்கள்.”

“சேர்க்கலாம்,” என்றார் மாசிலாமணி. “பாலமும் வைத்தியசாலையும் குடிநீர்க் கிணறும் கட்டி முடித்த பிறகு.”

அதுவரை தினமும் முந்நூறு இலை போட வேண்டியிருந்தது. அதனால் திருமேனி தானே கல் சுமந்தார். மழைக்கு முன்பே மூன்றும் தயார்.

பாலத்தைப் பார்க்க வந்த ராஜாவுக்குச் சுரங்கத்தையும் பார்க்க ஆசை வந்தது. குனிந்து உள்ளே நுழையப் போனார். மாசிலாமணியின் கையில் இருந்த புதிய ஓலையில் இன்னும் முத்திரை விழவில்லை.

திருமேனி குறுக்கே ஓடிவந்து விழுந்தார். “போகாதீர்கள், அரசே. முதலில் முத்திரை வையுங்கள்.”

“என்ன அவசரம்?”

“உள்ளே போனால் வெளியே வந்துவிடுவீர்களே. ஒரு ராஜாவை வைத்துச் சோறு போட எனக்குக் கட்டுப்படியாகாது.”

ராஜா சுரங்க வாசலிலேயே உட்கார்ந்து சிரித்தார். சிரித்து முடித்ததும் தன் முத்துமாலையைக் கழற்றி மாசிலாமணியின் கழுத்தில் போட்டார்.