கோழிக்குப் பட்டு மெத்தை

கொழுமாபுரத்து ராஜா செண்பகமாறனுக்கு அரண்மனை பெரிசு. அதைவிடக் கோபம் பெரிசு. கோபத்தைவிட ரெண்டு விரற்கடை பெரிசு, மூக்கு.

அவருக்கு மாமியார் வீட்டிலிருந்து ஏழு வெள்ளைக் கோழிகள் சீர்வரிசையாக வந்தன. படுக்கையறை ஜன்னலுக்குக் கீழே, கொல்லையில், தேக்குப் பலகையால் கூடு கட்டினார்கள். கோழிகள் உலாவ மூங்கில் வேலி போட்டு ஒரு முற்றமும் விட்டார்கள். எல்லாம் ஆச்சு. தரையில் எதைப் பரப்புவது என்பதில்தான் சபையில் சண்டை வந்தது.

சடையாண்டி எழுந்தான். ராஜாவைச் சிரிக்க வைப்பது அவன் உத்தியோகம். சிரிக்க வைக்கிற சாக்கில் நாலு நல்ல சேதியும் சொல்லி வைப்பான்.

“கூட்டுக்குள்ளே நாலு விரற்கடை கனத்துக்கு நெல் உமி. வெளியே ஆற்று மணல். ஈரத்தை உமி குடிச்சிடும். கோழியே கிளறிக் கிளறிக் காய வச்சுக்கும். நமக்கு வேலை மிச்சம், மகாராஜா.”

“உமியா!” என்று குதித்தார் பவளேந்திரர். அரண்மனைப் படுக்கைகளுக்கெல்லாம் அவர்தான் அதிகாரி. “ராணியம்மா பிறந்த வீட்டுச் சீரை உமியில் படுக்கப் போடுவதா? உங்கள் மாமியார் காதில் விழுந்தால் என்ன ஆகும்? இந்த அரண்மனையில் யார் படுத்தாலும் என் மெத்தையில்தான் படுக்க வேண்டும். உள்ளே பஞ்சு, மேலே பட்டு!”

மாமியார் என்றதுமே ராஜாவுக்கு வியர்த்துவிட்டது.

“பட்டு மெத்தையே போடுங்கள். இது ராஜ வாக்கு!”

ராஜ வாக்கு என்றால் சொன்ன ராஜாவாலும் அதை மாற்ற முடியாது. அந்த ஊர் வழக்கம் அப்படி.

கோழிக்குப் பட்டென்ன, பழம்பாயென்ன? நின்ற இடத்திலேயே கழிந்தது. பஞ்சு அத்தனையையும் குடித்துவிட்டு ஊறிக் கிடந்தது. நகம் பட்டு நூலில் சிக்கி ரெண்டு கோழிக்குக் கால் வீங்கிப் போச்சு. ஐந்தாம் நாள் நாற்றம் கிளம்பி ஜன்னல் வழியாக ஏறி, நேராக ராஜாவின் மூக்கில் போய் உட்கார்ந்தது.

“சடையாண்டி! நாளை மறுநாள் மாமியார் வருகிறார். அதற்குள் நாற்றம் போயிருக்க வேண்டும். கோழிகள் தேறியிருக்க வேண்டும்.”

“அந்த மெத்தையை மட்டும் எடுத்துட்டா...”

“அது நடக்காது. வாக்கு வாக்குதான்.”

“அப்போ என்னால முடியலைன்னா?”

“எல்லை தாண்டி நட. வீடும் நிலமும் இங்கேயே இருக்கும், நீ மட்டும் போகலாம்.”

சடையாண்டி துண்டால் மூக்கை மூடிக்கொண்டு கொல்லைக்குப் போனான். கோழி பார்க்கிற அங்காயி அங்கே முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு நின்றாள்.

“துவைச்சாவது போட்டிருக்கலாமே, தாயி?”

“அதிகாரி ஐயா விட மாட்டேங்கிறாருண்ணே. அரண்மனை மெத்தைய நாங்க தொடக்கூடாதாம். அதுக்கு முறை இருக்காம்.”

“என்ன முறை?”

“ராஜாவுக்குப் புது மெத்தை தைச்சா, முதல்ல இவரு அதுல ஒரு நாழிகை படுத்துப் பாக்கணுமாம். ஊசி, பூச்சி ஏதும் இருக்கான்னு. குத்தமில்லைன்னு இவரு சொன்னாத்தான் ராஜா படுப்பாரு. குத்தம் இருக்குன்னா அன்னிக்கே கொண்டுபோய்க் கொளுத்திடணுமாம்.”

சடையாண்டி மூக்கிலிருந்து துண்டை எடுத்துவிட்டுச் சிரித்தான். சிரித்த வேகத்தில் மூச்சை இழுத்தவன், அவசரமாக மறுபடி மூடிக்கொண்டான்.

மறுநாள் சபையில் போய் நின்றான்.

“மகாராஜா, உங்க வாக்கை யாரும் தொட வேண்டாம். ஆனா மெத்தைக்கான முறை ஒண்ணு பாக்கி இருக்கு. கோழி மெத்தையில அதிகாரி ஐயா படுத்துப் பார்த்தாரா? நாளைக்கு உங்க மாமியார் கேட்டா நான் என்ன சொல்ல?”

ராஜா மூக்கைத் தடவினார். “படுத்தீரா?”

“கோழி மெத்தையிலா? நானா?” என்றார் பவளேந்திரர்.

“யார் படுத்தாலும் என் மெத்தைன்னு நீங்கதானே ஐயா சொன்னீங்க? மெத்தை உங்களுதுன்னா முறையும் உங்களுதுதானே?”

“முறை முறைதான். படுத்துப் பாரும்!” என்றார் ராஜா.

சபையே கொல்லைக்குத் திரண்டது. கூட்டின் வாசல் இடுப்பளவுதான். அதிகாரி நாலு காலில் உள்ளே போனார். தலைப்பாகை வாசலிலேயே தங்கிவிட்டது. அதைப் பார்த்த ஒரு கோழி, கடைசியில் நமக்கு வசதியாக ஓர் இடம் கிடைத்ததென்று அதில் ஏறி உட்கார்ந்தது. இன்னொன்று அவர் வயிற்றில் ஏறி நின்று யோசித்தது. யோசித்து முடித்ததும் செய்ய வேண்டியதைச் செய்தது.

“கண்ணை மூடிப் படுங்கய்யா,” என்றாள் அங்காயி. “ராஜா கண்ணைத் திறந்துக்கிட்டா தூங்குவாரு?”

கால் நாழிகை ஆகவில்லை.

“குற்றம்! குற்றம் உண்டு! எழுதிக்கொள்ளுங்கள், மகா குற்றம்!”

அன்றைக்கே மெத்தை ஊருக்கு வெளியே போய் எரிந்தது. ராஜா போடச் சொன்னார், போட்டார்கள். முறை எரிக்கச் சொன்னது, எரித்தார்கள். வாக்குக்கு ஒரு கீறல் இல்லை.

“அதிகாரி ஐயா, அடுத்த மெத்தை தைக்கிற வரைக்கும் உமி போட்டுக்கலாமா?” என்று கேட்டான் சடையாண்டி.

“தாராளமாக.”

“எப்போ தைப்பீங்க?”

“என் ஆயுசுக்குள் முடியாதப்பா!”

உமி வந்தது, மணல் வந்தது. கோழிகள் கிளறின. வீங்கின கால்கள் வடிய ஆரம்பித்தன. மாமியார் வந்தார், முகர்ந்தார், குறை சொல்ல ஒன்றும் அகப்படாமல் ஒரு வாரம் முன்னதாகவே ஊர் திரும்பினார். ராஜாவுக்கு அதைவிட என்ன வேண்டும்?

“சடையாண்டி, பவளேந்திரர் பதவியை இன்று முதல் உனக்கே கொடுத்தேன்!”

சடையாண்டி தடாலென்று காலில் விழுந்தான்.

“வேண்டாம், மகாராஜா! நாளைக்குப் பட்டத்து யானைக்கு மெத்தை போடச் சொல்வீங்க. நான் படுத்துப் பார்த்துக்கிட்டு இருக்கறப்போ அதுக்கும் தூக்கம் வந்துட்டா?”