கேட்காமல் திறக்கும் கம்ப்யூட்டர்

குடியாத்தத்தில் குணவதி அம்மாவிடம் ஞாயிற்றுக்கிழமைகளில் மனக்குறை சொல்லி வழி கேட்க வருகிறவர்களில் வயதில் மூத்தவர் தணிகாசலம் வாத்தியார். அதுவும் ஒரு வேடிக்கைதான். பள்ளிக்கூடத்தில் இதே குணவதியைக் கணக்கில் பெயிலாக்கியவர் அவர். இப்போது அவர் பாயில் உட்கார்ந்து கேட்கிறார், அந்த அம்மா பதில் சொல்கிறார். ஆனாலும் அம்மாவுக்கு அவர் இன்றைக்கும் 'சார்'தான்.

அன்று மற்றவர்கள் எழுந்து போகும்வரை வாத்தியார் வாயே திறக்கவில்லை. அம்மா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"செண்பகத்துக்கு மறதி கூடிக்கிட்டே போவுதும்மா," என்றார் கடைசியில். செண்பகவல்லி அவர் மனைவி.

"டாக்டர் என்ன சொல்றாரு?"

"இனிமே குறையாதுன்னுட்டாரு. மூளைக்கு வேலை குடுங்கன்னாரு. நானும் விடாம குடுத்துப் பாக்கறேன்."

"என்ன வேலை குடுக்கறீங்க?"

வீட்டுக் கம்ப்யூட்டரை ஆன் செய்தால் பின் நம்பர் கேட்கும். மனைவிக்கு மறக்கவே கூடாது என்று தங்கள் கல்யாணத் தேதியையே நம்பராக வைத்திருந்தார் வாத்தியார். தினம் காபி ஆனதும் செண்பகவல்லியை அதன் முன்னால் உட்கார வைப்பார். "போடு பாப்போம்" என்று பக்கத்தில் கைகட்டி நிற்பார். பாதி ஆயுசைப் பரீட்சை ஹாலில் கழித்த மனுஷன், வேறு எப்படி நிற்பார்?

"முதல்ல தப்புத்தப்பா போட்டா. இப்ப போடறதே இல்ல. கையை மடியில வெச்சிக்கிட்டு உக்காந்துடறா. மலேசியாவுல, ஈப்போவுல இருக்கற தங்கச்சிகிட்ட அதுலதான் முகம் பாத்துப் பேசுவா. அந்தப் பேச்சும் நின்னு போச்சு."

"அக்கா பாவம் இல்லையா சார்?"

"பாவம்தான். ஆனா அது எங்க கல்யாண நாளும்மா. அதைக்கூடவா ஒருத்தி மறப்பா?"

மறதி நோய் ஒரு பக்கம் இருக்கட்டும், உள்ளுக்குள் அவரை அறுத்துக்கொண்டிருந்தது இதுதான்.

அம்மா கையிலிருந்த கீரையை உருவி முடித்தார். பிறகு கேட்டார்.

"நம்பர் கேக்காமலே திறக்கறாப்போல பண்ண முடியாதா?"

"முடியும். ஒரு இடத்துல டிக்கை எடுத்துட்டா போதும். வீட்ல நாங்க ரெண்டு பேர்தான், வேற யாரு வந்து தொறக்கப் போறாங்க? ஆனா நான் பண்ண மாட்டேன்."

"ஏன் சார்?"

"பண்ணிட்டேன்னா, அவ அவ்வளவுதான்னு நானே ஒத்துக்கிட்டாப்போல ஆயிடும்."

அம்மா காம்புகளை ஒதுக்கிவிட்டு எழுந்தார். "நாளைக்கு உங்க வீட்டுக்கு வரேன். அதை எப்படிப் பண்றதுன்னு எனக்குக் காட்டுங்க. பிடிக்கலன்னா மறுபடியும் டிக் போட்டுக்கலாம்."

மறுநாள் சொன்னபடியே வந்தார். செண்பகவல்லி சிரித்த முகமாக வரவேற்றுக் காபி கொடுத்தாள். டம்ளரை எடுத்துக்கொண்டு போனவள், திரும்பி வந்து, "காபி சாப்பிடறியாம்மா?" என்று கேட்டாள். வாத்தியார் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் அம்மா, "குடுங்கக்கா" என்று இன்னொரு டம்ளரும் வாங்கிக் குடித்தார். வாத்தியார் கம்ப்யூட்டரை ஆன் செய்த சத்தம் கேட்டதுதான் தாமதம், செண்பகவல்லி எழுந்து அடுப்பங்கரைக்குள் போய்விட்டாள்.

"இதோ, இந்த இடம்தான்," என்று காட்டினார் வாத்தியார். "இந்த டிக்கை எடுத்துட்டு, பாஸ்வேர்டை ஒரு தடவை போடணும். சரியான்னு இன்னொரு தடவை."

"அப்ப பாஸ்வேர்டே இல்லாம போயிடுமா?"

"போவாது. அதை கம்ப்யூட்டரே தன்கிட்ட வெச்சிக்கும். அப்புறம் நம்மளக் கேக்காது, நமக்குப் பதிலா அதுவே போட்டுக்கும்."

கல்யாணத் தேதியை இரண்டு தடவை தட்டினார். கம்ப்யூட்டர் மறுப்பு சொல்லாமல் வாங்கிக்கொண்டது. "அவ்வளவுதாம்மா" என்று அணைத்து, மறுபடி ஆன் செய்தார்.

பாஸ்வேர்டு தவறு என்று வந்து நின்றது.

வாத்தியாருக்கு முகம் சுருங்கிப் போயிற்று. கொஞ்சம் கழித்துத்தான் விஷயம் பிடிபட்டது. பின் நம்பர் வேறு, பாஸ்வேர்டு வேறு; கேட்காமல் திறக்கப் பாஸ்வேர்டுதான் வேண்டும். கம்ப்யூட்டர் வாங்கிய புதிதில் நீளமாக ஒரு பாஸ்வேர்டு வைத்தார். பின் நம்பர் வந்த பிறகு அதைத் தொடவே இல்லை. டிக்கை எடுத்ததும் வந்த அந்தக் கட்டமோ சரியா தப்பா என்று பார்க்காது, எதைப் போட்டாலும் வாங்கிக்கொள்ளும். ஆன் செய்யும்போதுதான் குட்டு உடையும்.

பள்ளிக்கூடத்துப் பேரைப் போட்டுப் பார்த்தார். தவறு. ஸ்கூட்டர் நம்பரைப் போட்டார். அதுவும் தவறு. பெற்ற தாயின் பேரையும் போட்டுப் பார்த்துவிட்டார்.

"நீங்க வெச்ச பாஸ்வேர்டுதானே சார்?" என்றார் அம்மா.

"நான்தாம்மா வெச்சேன்."

அம்மா எழுந்து அவர் பக்கத்தில் வந்து கைகட்டி நின்றார். "நல்லா யோசிங்க. போடுங்க பாப்போம்."

வாத்தியார் யோசித்தார். யோசிக்க யோசிக்க இருந்ததும் கலைந்துகொண்டு போயிற்று. நெற்றி வேர்த்தது.

"போடுங்க சார்."

"யோசிச்சிக்கிட்டுதானே இருக்கேன்? பக்கத்துல நிக்காதம்மா நீ, நின்னா எப்படி வரும்?"

கத்தியே விட்டார். குருவென்று வணங்குகிற அம்மாவிடம் அப்படி ஒரு குரல் அவர் எழுப்பியதே கிடையாது. அம்மா நகரவில்லை. வாத்தியார் கையைக் கீபோர்டிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

சத்தம் கேட்டு செண்பகவல்லி வெளியே வந்தாள். திரையைப் பார்த்தாள், புருஷன் முகத்தைப் பார்த்தாள். மெல்ல வந்து அவர் தோளில் கை வைத்தாள்.

"விடுங்க. வரலன்னா போவுது. அதுக்குப் போயி ஏன் முகம் இப்படி வாடிப் போச்சு? எழுந்து வாங்க, காபி தரேன்."

வாத்தியார் அவளை நிமிர்ந்து பார்த்தார். எத்தனையோ காலைகள் இதே நாற்காலியில் அவள் உட்கார்ந்திருந்தாள். ஒரு நாள்கூட அவர் இந்த வார்த்தையைச் சொன்னதில்லை. அவள் கையைப் பிடித்துக்கொண்டு, யார் இருக்கிறார்கள் என்றுகூடப் பார்க்காமல் அழுதார்.

அழுது முடித்துக் காபியையும் குடித்தார். பிறகு, பாஸ்வேர்டு மறந்துவிட்டது என்ற இடத்தை அழுத்தி, ஃபோனுக்கு ஒரு நம்பரை வரவழைத்துப் புதிதாகப் பாஸ்வேர்டு வைத்தார். டிக்கை எடுத்து, புதிய பாஸ்வேர்டை நிதானமாக இரண்டு தடவை போட்டார். அணைத்து மறுபடி ஆன் செய்தபோது கம்ப்யூட்டர் யாரையும் எதுவும் கேட்கவில்லை, தானாகவே திறந்துகொண்டது.

செண்பகவல்லி தயங்கித் தயங்கி நாற்காலியில் உட்கார்ந்தாள். ஒன்றும் கேட்காது என்று தெரிந்ததும் மவுஸில் கை வைத்தாள். கைக்கு எல்லாம் தெரிந்திருந்தது. சற்று நேரத்தில், "அக்கா, எங்கக்கா போயிட்ட இத்தனை நாளா?" என்று தங்கை குரல் கூடம் முழுக்கக் கேட்டது. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள்.

அம்மாவை வழியனுப்ப வாத்தியார் வாசல்வரை வந்தார். உள்ளே சிரிப்புச் சத்தம். அவர் முகம் மட்டும் தெளியவில்லை.

"இன்னும் என்ன சார்?"

"கம்ப்யூட்டர் சரியாயிடுச்சும்மா. ஆனா ஒரு நாள் என்னையே பாத்து, நீ யாருன்னு கேப்பாளே. அன்னிக்கு நான் என்ன பண்ணுவேன்?"

அம்மா செருப்பை மாட்டிக்கொண்டு நிமிர்ந்தார்.

"கேக்கற வரைக்கும் நிக்காதீங்க சார். காலையில காபி எடுத்துட்டுப் போவும்போதே, 'நான் தணிகாசலம், உன் புருஷன்'னு சொல்லிக்கிட்டே உள்ள போங்க."