நோயே வராத குப்பம்

முன்னொரு காலத்தில் ஒரு ராஜாவுக்கு எந்நேரமும் வயிற்றில் கடமுடா. நாட்டின் பெயரை விடுங்கள், வயிறுதான் கதைக்கு முக்கியம். அரண்மனை வைத்தியர் மருதவாணர் ஒரு வாய் ருசி பார்த்த பிறகுதான் எதுவும் அந்த வயிற்றுக்குள் போகலாம். அது அந்த அரண்மனையின் சட்டம்.

ஊர்க்கோடியில் காளவாய்க் குப்பம் இருந்தது. அரண்மனைச் சுவருக்குச் சுண்ணாம்பு சுட்டுக் கொடுக்கும் ஏழைகளின் குடிசைகள். அங்கே ஒரு கிணறு வெட்ட ராஜா உத்தரவிட்டிருந்தார். மருதவாணருக்கோ அந்தக் கிணற்றின் மேல் கண். தம் பூந்தோட்டத்துக்கு அது வேண்டும்.

"மன்னர் பெருமானே, என் வைத்தியசாலை ஏட்டைப் பாருங்கள். மூன்று வருடங்களாக அந்தக் குப்பத்திலிருந்து ஒரு நோயாளிகூட வரவில்லை. இரும்பு உடம்புக்காரர்கள். அவர்களுக்குக் கிணறு எதற்கு?" என்றார்.

ராஜாவுக்குக் கிணறு மறந்துபோயிற்று. "நோயே இல்லையா! அப்படி என்னதான் உட்கொள்கிறார்கள்?"

"அதைக் கண்டறிய நம் விதூஷகர் செவ்வந்தியப்பரை அனுப்பலாமே!" என்றார் வைத்தியர். விதூஷகரின் கேலியில் அடிக்கடி மாட்டிக்கொள்பவர் அவர்.

ராஜா திரும்பினார். "செவ்வந்தியப்பரே, அவர்கள் உட்கொள்வதைக் கூட்டாமல் குறைக்காமல் நாளைக் காலை கொண்டுவாரும். தவறினால் உமக்குச் சபையில் இடமில்லை. கிணறும் வைத்தியருக்கே."

செவ்வந்தியப்பர் குப்பத்துக்குப் போனார். குடிசைக்குக் குடிசை இருமல், பேதி, காய்ச்சல். பூவாயி என்ற பெண் சுருண்டு கிடந்த புருஷனுக்கு விசிறிக்கொண்டிருந்தாள்.

"வைத்தியசாலைக்குப் போகக் கூடாதாம்மா?"

"போனேனுங்க. குளிச்சுட்டு, காஞ்ச துணி கட்டிக்கிட்டு வான்னு வாசல்லயே தொரத்திட்டாங்க. எனக்கு இருக்கறதே இந்த ஒத்தச் சேலை. தொவைச்சா ஈரம், தொவைக்காட்டி அழுக்கு. நான் எப்பத்தான் உள்ள போறதுங்க?"

செவ்வந்தியப்பருக்கு உள்ளுக்குள் பற்றிக்கொண்டு வந்தது. அவர்கள் குடிக்கும் குட்டைத் தண்ணீரில் ஒரு குடம் மொண்டு கொடுக்கச் சொல்லி எடுத்துக்கொண்டு திரும்பினார்.

மறுநாள் குடம் பட்டுத்துணி மூடி சபைக்கு வந்தது.

"மன்னா, அவர்கள் அன்றாடம் உட்கொள்வது. ஒரு சொட்டுக் கூட்டவில்லை, குறைக்கவில்லை."

ராஜா ஆவலாய்க் கை நீட்டினார்.

"பொறுங்கள், சட்டம் இருக்கிறதே! முதல் வாய் வைத்தியருக்கு" என்று செவ்வந்தியப்பர் துணியை விலக்கினார்.

நாற்றம் மூக்கைத் துளைத்தது. பச்சைத் தண்ணீரில் புழு நெளிந்தது. மருதவாணர் அலறினார்: "ஐயோ, இதைக் குடித்தால் பேதி கண்டு சாகவேண்டியதுதான்!"

பதறித் தள்ளியதில் குடம் கவிழ்ந்து அவர் மேலேயே கொட்டியது. தொப்பலாக நனைந்தவர் மருந்து தேடி வைத்தியசாலைப் பக்கம் ஓடப் பார்த்தார். செவ்வந்தியப்பர் வழிமறித்தார்.

"ஈரத்துணியோடு உள்ளே விடமாட்டார்களே ஐயா. உமது உத்தரவுதானே? மாற்றுத் துணி வைத்திருக்கிறீரா?"

"என்ன உத்தரவு?" என்றார் ராஜா.

பூவாயி சொன்னதைச் செவ்வந்தியப்பர் ஒரு சொல் விடாமல் சொன்னார். ராஜா உடனே அந்த உத்தரவை ரத்து செய்தார். குப்பத்தில் கிணறு வெட்டி முடியும்வரை மருதவாணர் அங்கேயே உட்கார்ந்து வைத்தியம் பார்க்கவேண்டும், அதே குட்டைத் தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கவேண்டும் என்றார். வைத்தியரே ஆள் சேர்த்து, இரவு பகலாகக் கிணறு வெட்டவைத்தார்.

ஒரு மாதம் கழித்து ராஜா ஏட்டைப் புரட்டித் திடுக்கிட்டார். "குப்பத்திலிருந்து எழுபது நோயாளிகளா! கிணறு வெட்டியதும் நோய் பெருகிவிட்டதா?"

"இல்லை மன்னா. ஏடு இப்போதுதான் உண்மை பேசக் கற்றுக்கொண்டிருக்கிறது" என்றார் செவ்வந்தியப்பர்.

ராஜா வயிறு குலுங்கச் சிரித்து, தம் முத்துமாலையைக் கழற்றி அவர் கழுத்தில் போட்டார். பிறகு ஏட்டின் முதல் பெயரில் விரல் வைத்தார்.

"சடையன். இவன் யார், என்ன ஆனான்?"

"பூவாயியின் புருஷன், மன்னா. புதுக் கிணற்றில் முதல் வாளி இறைத்தவன் அவன்தான்."