களைப்பு வந்த இடத்தில் களஞ்சியம்

சந்திரசூட மன்னரின் நாட்டில் வெள்ளைப்பட்டி என்று ஒரு சின்ன ஊர். தாத்தா காலத்தில் மேற்கு மலை தாண்டி வந்து குடியேறியவர்கள் அங்கே இருந்தார்கள். சாயம் போடாத வெள்ளைத் துணிதான் உடுப்பார்கள். நகை கிடையாது, குதிரை கிடையாது, மாட்டு வண்டிதான். பொய் மட்டும் சொல்லவே மாட்டார்கள். நமக்கெல்லாம் அந்த ஊரில் ஒரு நாள் தாக்குப்பிடிப்பதே கஷ்டம்!

துறைமுகத்துக்குப் போகும் பெருஞ்சாலை அந்த ஊர் வழியாக வரப்போகிறது என்றதும் ஊரே சுறுசுறுப்பானது. சந்தைக்கு இடம் ஒதுக்கினார்கள், கிணறு வெட்டினார்கள். ஆனால் பிரதானி வெங்கப்பர் போட்ட வரைபடத்தில் சாலை கோணலாக வளைந்து, ஊரின் பொதுக் களஞ்சியத்தின் மேலேயே போனது. ஊர் முழுவதற்கும் ஒரு வருஷச் சோறு அதில்தான் இருந்தது.

"அங்கே எதையும் இடிக்க மாட்டோம் என்று என் பாட்டனார் வாக்குக் கொடுத்திருக்கிறாரே?" என்றார் மன்னர்.

"இடிக்க வேண்டாம், பிரபு. நாளை மாலைக்குள் அவர்களே நகர்த்திக்கொள்ளட்டும். முடியாவிட்டால் களஞ்சியம் அரசுக்குச் சொந்தம்."

சபையில் விகடர் ஆவுடையப்பர் மெல்ல எழுந்தார். "நகர்த்தி எங்கே வைப்பது, பிரதானியாரே?"

வெங்கப்பருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "தூக்கிக்கொண்டு நடக்கட்டும்! எங்கே களைப்பு வருகிறதோ அங்கே இறக்கி வைக்கட்டும்!"

"அதையும் ஓலையில் எழுதி முத்திரை வைத்துவிடுங்கள்" என்றார் ஆவுடையப்பர். வைத்தார்கள்.

ஆவுடையப்பர் போன அறுவடைக்கு அந்த ஊரில் விருந்து சாப்பிட்டவர். அவர் கண்ணால் கண்டது ஒன்று உண்டு. பிரதானி அதைக் கண்டதில்லை.

மறுநாள் மன்னர் பரிவாரத்தோடு வந்து பார்த்தால், தானியமெல்லாம் மூட்டைகளாக வெளியே அடுக்கியிருந்தது. களஞ்சியத்தின் அடியில் மூங்கில் கழிகள் கட்டியிருந்தன. முந்நூறு பேர் குனிந்தார்கள். மூப்பர் மாசிலான் "ஹோ!" என்றார். மரச்சுவரும் கூரையுமாகக் களஞ்சியம் எழுந்து நடக்க ஆரம்பித்தது! அந்த ஊரில் வீட்டை மாற்றுவதென்றால் அப்படித்தான்.

முன்னால் வழி காட்டிய ஆவுடையப்பர், ஊர்க்கோடியில் வேலி போட்ட ஒரு நிலத்தருகே நின்றார். "மூப்பரே, களைப்பாக இருக்குமே?"

"இல்லீங்களே."

"கொஞ்சமாவது?"

"பொய் சொல்லக் கூடாதுங்க, ஐயா."

ஆவுடையப்பர் பெருமூச்சு விட்டார். "அப்படியானால் இந்த நிலத்தை ஒரு சுற்றுச் சுற்றுங்கள்."

சுற்றினார்கள். களைப்பு வரவில்லை. இரண்டாம் சுற்று. ஆவுடையப்பருக்குத்தான் மூச்சு வாங்கியது. மூன்றாம் சுற்றில் மாசிலான் நெற்றியைத் துடைத்தார். "இப்ப நெசமாவே களைச்சுப்போச்சுங்க."

வேலியை விலக்கி, நடு நிலத்தில் இறக்கினார்கள்.

வெங்கப்பர் அலறிக்கொண்டு ஓடிவந்தார். "ஐயோ, இது என் நிலம்!"

"உங்கள் நிலமா?" மன்னர் சாலைக்கு அடித்திருந்த முளைக்குச்சிகளைப் பார்த்தார். எல்லாம் நேராக வந்து, அந்த வேலியைக் கண்டதும் ஒதுங்கிக் களஞ்சியத்தின் பக்கம் திரும்பியிருந்தன. மன்னருக்கு விஷயம் விளங்கிவிட்டது.

"சாலை இந்த நிலத்தின் வழியாக நேராகவே போகட்டும். களஞ்சியம் பழைய இடத்துக்கே திரும்பட்டும்" என்றார்.

மாசிலான் கைகூப்பினார். "நல்லதுங்க. ஆனா தூக்கறப்ப பக்கத்துல நிக்கிற எல்லாரும் கை குடுக்கணும். அதுதான் எங்க வழக்கம்."

மன்னர் பிரதானியைப் பார்த்தார். பிரதானி அங்கவஸ்திரத்தை இடுப்பில் இறுக்கிக்கொண்டு கழிக்கு அடியில் தோள் கொடுத்தார். மன்னரும் பரிவாரமும்கூடக் கை கொடுத்தார்கள்; ஆவுடையப்பர் மட்டும் வழி காட்டுகிறேன் என்று முன்னால் போய்விட்டார்.

பாதி வழியில் வெங்கப்பருக்கு நாக்குத் தள்ளியது. "முடியவில்லை... களைப்பாக இருக்கிறது..."

"நில்லுங்கள்!" என்று கத்தினார் ஆவுடையப்பர். "பிரதானியாருக்குக் களைப்பு வந்துவிட்டது. ஓலைப்படி இங்கேயே இறக்கிவிடலாமா?"

வெங்கப்பர் தலையைத் தூக்கிப் பார்த்தார். எதிரே, சாலை வருவதை நம்பி அவர் அந்த ஊரில் கட்டியிருந்த புது மாளிகையின் வாசல்!

"களைப்பா? யாருக்கு?" என்று கூவினார் பிரதானி. "நடங்கள், நடங்கள்!"

மன்னர் சிரித்த சிரிப்பில் கிரீடம் நழுவிவிட்டது. அதைப் பிடித்துக் கொடுத்தவர் ஆவுடையப்பர்தான். களஞ்சியத்தைத் தூக்காத கை அங்கே அவருடையது ஒன்றுதானே!